லிஸ்பன் – பிரிஸ்டல் பயணிகள் விமானம்: சர்ச்சில் என்று எண்ணித்தான் சுட்டார்களா?

கேள்வி: கிருஷ்ணகிரி ஆசிரியர்

பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலகப்போர்ப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது, 1943 ஜூன் 1 அன்று லிஸ்பனிலிருந்து பிரிஸ்டலுக்குப் பறந்த, பி.ஓ.ஏ.சி. என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் பயணிகள் விமானத்தை, அதில் சர்ச்சில் இருப்பதாக எண்ணியே ஜெர்மானியர்கள் பிஸ்கே விரிகுடாவின் மேல் சுட்டுக் கடலில் வீழ்த்தினார்கள் என்று ஒரு மாணவர் அடித்துச் சொன்னார். பயணிகள் 13 பேர், பணியாளர் 4 பேர் என விமானத்திலிருந்த அனைவரும் இறந்தது எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் காரணத்தை வகுப்பில் சொல்லலாமா?

பதில்: அரூர் வாசகர்

தாராளமாகச் சொல்லலாம், ஐயா. சர்ச்சிலே தம் போர் நினைவுக் குறிப்புகளில் இதை ஏற்றிருக்கிறார். அந்த விமானத்தில் பயணம் செய்த நடிகர் லெஸ்லி ஹோவர்டின் மேலாளர் ஆல்பிரட் சென்ஹால்ஸ் பருத்த உடலும் வாயில் சுருட்டுமாகச் சர்ச்சிலின் சாயலில் இருந்ததால், லிஸ்பனிலிருந்த ஒற்றர்கள் ஏமாந்தார்கள் என்பதே பரவலான கருத்து.

பதில்: பாலக்கோடு வாசகர்

அதே சர்ச்சில், ஒரு நாட்டின் பிரதமர் ஆயுதமோ காவலோ இல்லாத விமானத்தில் பட்டப்பகலில் பறப்பார் என்று எவராவது நம்புவார்களா என ஜெர்மானியரின் அறிவீனத்தையும் அங்கே சாடியிருக்கிறார். அவர் வட ஆப்பிரிக்காவில் இருந்தது உண்மைதான் என்றாலும், சாயல் கதைக்கு அவருடைய ஊகத்தைத் தவிர வேறு வலுவான சான்று இல்லை.

என் பார்வையில், கேட்க வேண்டிய கேள்வி வேறு. சுட்டு வீழ்த்தப்பட்ட ‘ஐபிஸ்’ என்ற அதே விமானம் (டி.சி.-3 வகை) 1942 நவம்பரிலும் 1943 ஏப்ரலிலும் அதே வழித்தடத்தில் தாக்கப்பட்டுத் தப்பியது. இரண்டாம் முறை விமானி கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 50 அடி உயரத்துக்குத் தாழப் பறந்து, பின்பு மேகத்துக்குள் ஏறி மறைந்தார். இத்தனைக்குப் பிறகும் பகல் பயணத்தை நிறுத்தாதவர்களுக்குச் சாயல் கதை மிகவும் வசதியானது. பழி முழுவதும் ஒரு சுருட்டின் மேல் போய்விடுகிறதல்லவா?

பதில்: ஓசூர்ப் பொறியாளர்

விமானப் பராமரிப்புத் துறையில் இருப்பவன் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். ஐபிஸ் பயணிகள் விமானமே ஆயினும் அதன் உடல் போர்க்காலத்து மறைப்பு வண்ணத்தில் இருந்தது, டி.சி.-3-இன் உடன்பிறப்பான டகோட்டாவை நேச நாட்டுப் படைகள் பெருமளவில் பயன்படுத்தி வந்தன. நீர்மூழ்கிக் கப்பல்களுக்குக் காவலாகப் புறப்பட்ட எட்டு ஜுங்கர்ஸ் 88 என்ற ஜெர்மானியப் போர் விமானங்களே அதைச் சுட்டன. அவ்வழியே பயணிகள் விமானம் வருமென்று தங்களிடம் யாரும் சொல்லவில்லை என்று அந்த விமானிகளில் சிலர் பிற்காலத்தில் கூறினர். அதை அப்படியே ஏற்பதா என்பது வேறு விஷயம், ஐபிஸின் பணியாளர்கள் கே.எல்.எம். விமான நிறுவனத்து டச்சுக்காரர்கள் என்பது வரை ஜெர்மானியத் தரப்பு அறிந்திருக்கும், ஏனெனில் நடுநிலை நாடான போர்ச்சுகலின் விமான நிலையத்தில் ஜெர்மானிய நிறுவனமான லுஃப்தான்சாவின் விமானங்களும் பி.ஓ.ஏ.சி. விமானங்களும் அருகருகே நின்றன.

மறுநாள் அப்பகுதிக்குச் சென்ற ஆஸ்திரேலியப் படையின் சண்டர்லேண்ட் பறக்கும் படகையும் எட்டு ஜுங்கர்ஸ் விமானங்கள் சூழ்ந்துகொண்டன. சர்ச்சிலைத் தேடியா அதைத் தாக்கினார்கள்?

கிருஷ்ணகிரி ஆசிரியர்

மூவருக்கும் நன்றி. சாயல் கதையை ஊகம் என்று குறிப்பிட்டு, முந்தைய இரு தாக்குதல்களையும் கரும்பலகையில் எழுதப்போகிறேன். இதன் பிறகு அந்த வழித்தடத்தில் என்ன மாற்றம் செய்தார்கள்?

பாலக்கோடு வாசகர்

கரையை விட்டு மேலும் மேற்கே விலகி, இரவில் மட்டும் பறந்தார்கள், ஐயா.