பொருள்: ஹார்மோன் சிகிச்சைக் கையேட்டுக்கு இரண்டு சொற்கள் வேண்டும் (அவசரம்)

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

குழுவினருக்கு வணக்கம். திருநங்கையருக்கான ஹார்மோன் சிகிச்சை பற்றிய சிறு கையேட்டைத் தமிழாக்கம் செய்துகொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இரண்டு இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் தொடங்கி 3 முதல் 6 மாதத்துக்குள் காம்புக்கு நேர் அடியில் கெட்டியாக, வட்டமாக ஒன்று கையில் தட்டுப்படும். அதற்கு ஒரு பெயர் வேண்டும். ஆங்கிலத்தில் 'பட்', அதாவது மொட்டு, என்கிறார்கள். இந்த வளர்ச்சி தொடங்குவதற்குக் கிரேக்க வேரிலிருந்து 'தெலார்க்கி' என்றும் ஒரு சொல் உண்டு. அடுத்தது, அந்த இடத்தில் தொட்டால் வரும் வலி. ஆங்கிலத்தில் இதை 'டெண்டர்னெஸ்' என்பதால் இணையத்தில் 'மார்பக மென்மை' என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். சட்டை உரசினாலே உயிர் போகிறது என்று வருபவரிடம் 'உங்களுக்கு மார்பக மென்மை' என்றால் பாராட்டுகிறோம் என்று நினைத்துக்கொள்வார்.

முதலாவதுக்கு 'மார்பு மொட்டு', 'மார்பரும்பு' என்று எழுதிப் பார்த்தேன். இரண்டாவதுக்கு 'வளர்வலி' பிடித்திருக்கிறது. சொல்லுங்கள்.

புலவர், தஞ்சாவூர்:

அம்மா, புதுச்சொல் எதற்கு? குறுந்தொகை 337ஐ எடுத்துப் பாருங்கள். 'முலையே முகிழ்முகிழ்த் தனவே' என்றுதான் பாட்டே தொடங்குகிறது. முகிழ் என்றால் மொட்டு. அப்புறம் கூந்தல், பல், சுணங்கு (தேமல்) என்று ஒவ்வொன்றாக வருகிறது. மருத்துவர்கள் இப்போது படிநிலை பிரிக்கிறார்களே, அதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிட்டார் பொதுக்கயத்துக் கீரந்தையார். பெயருக்கு 'முலைமுகிழ்', வினைக்கு 'முகிழ்த்தல்'. முடிந்தது.

வேரும் பொருந்துகிறது. முன்னுக்குத் துருத்திவரும் பொருள்கள் பல 'மு' என்றே தொடங்கும்: முளை, முனை, முகை, முகிழ், முலை, மூக்கு. வடமொழி முகுளமும் இங்கிருந்து போனது என்பார்கள்.

'வளர்வலி' அருமையான வினைத்தொகை. கைவிடாதீர்கள்.

உயிரியல் ஆசிரியை, திருநெல்வேலி:

ஐயா, மூக்கு வரை வந்துவிட்டோம். முகுளம் எங்கள் பாடநூலில் மூளையின் அடிப்பகுதி. மூச்சையும் இதயத் துடிப்பையும் பார்த்துக்கொள்வது. முகிழ், முகுளம் இரண்டையும் பிள்ளைகள் குழப்பிக்கொண்டால் விடைத்தாள் திருத்துவது நான்தான்.

'முலை' பற்றி எனக்குத் தனிப்பட்ட மறுப்பு இல்லை. 'முலைக்காம்பு' என்று எழுதக் கூசாதவர்கள் காம்பை நீக்கியதும் ஏன் கூசுகிறார்கள் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை. ஆனால் வகுப்பில் அந்தச் சொல்லைச் சொன்னால் பின்பெஞ்சு சிரித்து முடிக்க மணி அடித்துவிடும்.

மென்பொருளாளர், கோவை:

'மார்புப்பூப்பு' எப்படி?

புலவர், தஞ்சாவூர்:

கூடவே கூடாது. 'பூப்பின் புறப்பாடு ஈராறு நாளும்' என்று தொல்காப்பியர் சொல்வது மாதவிலக்கை. இங்கே அது இல்லை.

மருத்துவர், மதுரை:

நடப்பதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு பெயர் வையுங்கள். காம்புக்கு அடியில் பால்நாளங்கள் கிளைவிடத் தொடங்குகின்றன. சுற்றியுள்ள திசு இழுபடுகிறது, வலிக்கிறது. பெண்பிள்ளைகளுக்குப் பருவ வயதில் நடப்பதும் இதேதான். மார்ஷலும் டானரும் 1969இல் வகுத்த படிநிலையில் இது 2ஆவது. ஒரு பக்கம் முந்தும், மறுபக்கம் பிந்தும், பயப்பட ஒன்றுமில்லை. முழு வளர்ச்சிக்கு 2, 3 ஆண்டு பிடிக்கும்.

'வளர்வலி'யை நான் கடுமையாக எதிர்க்கிறேன், இலக்கணத்துக்காக அல்ல. வலி வரும், தணியும், மறுபடி வரும். சிலருக்கு வருவதே தெரியாது. வலியை வைத்து வளர்ச்சியை அளக்க முடியாது. 'வளர்வலி' என்று அச்சிட்டால், வலிக்கவில்லையே, அப்படியானால் வளரவில்லை என்று படிப்பவர் முடிவு கட்டுவார். அடுத்து என்ன செய்வார் தெரியுமா? மருந்துக்கடைக்குப் போய்க் கருத்தடை மாத்திரை வாங்கி இரண்டு மூன்றாகப் போட்டுக்கொள்வார். அதில் இருக்கும் 'எத்தினைல் எஸ்ட்ராடையால்' என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் இரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டுவது. சிகரெட்டும் பிடிப்பவர் என்றால் கேட்கவே வேண்டாம். உங்கள் வினைத்தொகை அழகுதான் ஐயா, காலில் இரத்தக்கட்டோடு வருபவரைப் பார்க்கப்போவது நான்.

புலவர், தஞ்சாவூர்:

சொல்லில் குற்றமில்லை, படிப்பவர் கொள்ளும் பொருளில்தான் குற்றம்.

மருத்துவர், மதுரை:

படிப்பவருக்காகத்தானே அச்சடிக்கிறோம்!

திருநங்கை உறுப்பினர், விழுப்புரம்:

இவ்வளவு நேரம் சும்மா வாசித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் சொல்வது சரி. 'உனக்கு வலிக்குதா, எனக்கு இன்னும் வலிக்கலையே' என்று கேட்டு ஏங்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்த ஏக்கத்துக்குக் கையேடு முத்திரை குத்த வேண்டாம்.

'மார்பரும்பு' வேண்டவே வேண்டாம். அரும்பு என்றாலே தமிழனுக்கு மீசைதான் நினைவு வரும். அரும்பு மீசையைக் காசு கொடுத்து லேசரில் எரித்துவிட்டு வந்தவளிடம் நெஞ்சில் அரும்பியிருக்கிறது என்று சொல்வீர்களா?

எங்களுக்குள் 'கட்டி வந்துருச்சா' என்றுதான் கேட்டுக்கொள்வோம். அதையே போட்டால் என்ன?

மருத்துவர், மதுரை:

போடலாம், ஆனால் 'மார்பில் கட்டி' என்று தலைப்பில் கண்டதும் வீட்டில் இருப்பவர்கள் புற்றுநோய் என்று அழத் தொடங்குவார்கள். விளக்கத்தில் ஒருமுறை 'கட்டிபோல' என்று வரட்டும். கூடவே எச்சரிக்கையும் வேண்டும்: காம்பை விட்டுத் தள்ளி, அசையாமல் கல்போல இருந்தாலோ, காம்பில் இரத்தம் கசிந்தாலோ உடனே காட்ட வேண்டும்.

ஆய்வாளர், யாழ்ப்பாணம்:

நான் கொஞ்சம் பிந்திவிட்டேன். வலி என்றே எல்லோரும் எழுதுகிறீர்கள். எங்கட பக்கம் 'நோகுது' என்றுதான் சொல்வோம். 'தொடுநோ' என்று வைக்கலாமே? நோய், நோவு எல்லாம் அந்த அடியில் வந்தவைதானே.

உயிரியல் ஆசிரியை, திருநெல்வேலி:

'தொடுநோ'வை இங்கே பாதிப் பேர் 'தொடு, நோ' என்று இரண்டாகப் படித்து, தொடக்கூடாது என்று பொருள் கொள்வார்கள். 'தொடுவலி' என்றால் சிக்கல் இல்லை.

புலவர், தஞ்சாவூர்:

'தொடுவலி' என்றால் தொடுகின்ற வலி. வலி போய் யாரைத் தொடும்?

உயிரியல் ஆசிரியை, திருநெல்வேலி:

குடிநீர் என்றால் நீரா போய்க் குடிக்கிறது?

மென்பொருளாளர், கோவை:

'மார்பு மொட்டு' சேர்த்தா, பிரித்தா? தேடுபொறியில் பிரித்தால்தான் அகப்படும். அப்புறம், தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்ட சொல்லடைவு இருக்கிறதே, அதைப் பார்த்தீர்களா?

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

பார்த்தேன். அது பாலினம், அடையாளம் பற்றிய சொற்களுக்கானது. அங்கிருந்து திருநங்கை, திருநம்பி எடுத்தாளுகிறேன். உடம்புக்குள் நடப்பதற்கு நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: 'மாத்திரை தொடங்கிய சில மாதங்களில் காம்புக்கு அடியில் கட்டிபோலக் கெட்டியாக ஒன்று தென்படும். இதை மார்பு மொட்டு என்கிறோம். இது புற்றுநோய் அல்ல. அழுத்தினால், குப்புறப் படுத்தால் வலிக்கலாம், இது தொடுவலி. வலி இல்லாவிட்டாலும் வளர்ச்சி இருக்கலாம். மருத்துவரைக் கேட்காமல் அளவைக் கூட்டாதீர்கள்.'

திருநங்கை உறுப்பினர், விழுப்புரம்:

வாசித்தால் புரிகிறது. மொட்டு என்பது பள்ளிக்கூட வாத்தியார் வார்த்தையாக இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். 'தளர்வான பருத்தி உடை போடுங்கள், அடிக்கடி அமுக்கிப் பார்க்காதீர்கள்' என்றும் சேருங்கள். எல்லோரும் அமுக்கிப் பார்ப்பார்கள்.

ஆய்வாளர், யாழ்ப்பாணம்:

இங்கே அச்சடிக்கும்போது 'வலிக்கலாம்' இருக்கும் இடத்தில் 'நோகலாம்' என்று மாற்றிக்கொள்ள அனுமதி தாருங்கள். தலைப்பில் கை வைக்க மாட்டேன்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

தாராளமாக. மறுப்பு இல்லையென்றால் 'மார்பு மொட்டு', 'தொடுவலி' இரண்டையும் நாளைக் காலை அனுப்பிவிடுகிறேன்.

புலவர், தஞ்சாவூர்:

மறுப்பு இருக்கிறது. 'தொடுவலி'யை விட்டுக்கொடுக்கிறேன். 'முகிழ்' அடிக்குறிப்பிலாவது வர வேண்டும். தவிர, மார்பு என்பது பழம்பாட்டில் பெரும்பாலும் ஆண்மகனுடைய அகன்ற நெஞ்சைக் குறிக்க வருவது. பெண்ணாக வாழ்பவர்களுக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறீர்களே என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

திருநங்கை உறுப்பினர், விழுப்புரம்:

ஐயா, இதை முதல் மடலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

'மார்பகம்' என்று மாற்றினால் அட்டவணையில் கட்டத்துக்குள் அடங்காது. மார்பு மொட்டே போகட்டும். அடிக்குறிப்புக்கு வடிவமைப்பாளர் இடம் தருகிறாரா என்று கேட்டுச் சொல்கிறேன் ஐயா.