பிடித்த கை விட மாட்டேன் என்கிறது

சின்ன வயசிலிருந்தே எனக்கு முதல் அடிதான் வம்பு. உட்கார்ந்திருந்துவிட்டுச் சட்டென எழுந்தால் தொடை மரக்கட்டையாகிவிடும். பத்துப் பதினைந்து எட்டு வைத்தால் இளகி, அப்புறம் எல்லாரையும் போல ஓடுவேன். பள்ளி ஓட்டப்பந்தயத்தில் விசில் ஊதியதும் குப்புற விழுந்தேன். "நடிக்கிறான்" என்றார் வாத்தியார். உடம்பு வேறு பயில்வான் மாதிரி இருக்கும், யார் நம்புவார்கள்?

31 வயதில் ஒரு நரம்பியல் மருத்துவர் என் கட்டைவிரல் மேட்டில் சின்னச் சுத்தியலால் தட்டினார். விரல் உள்ளே மடங்கி, மனசில்லாமல் மெதுவாகத் திரும்பியது. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு! தசையின் மின்துடிப்பைக் கேட்கும் இ.எம்.ஜி. சோதனைக்கு ஊசி குத்தியபோது ஒலிபெருக்கியில் விமானம் தலைகுப்புறப் பாய்வது போல 'உய்ய்ங்' என்று ஏறி இறங்கியது. சி.எல்.சி.என்.1 மரபணுவில் பிழை. தசைக்குள் குளோரைடு போகும் வழி சரியில்லாததால், சுருங்கிய தசை சீக்கிரம் அடங்காதாம். பெயர் தாம்சன் நோய். 1876-ல் இதைப் பற்றி எழுதிய டென்மார்க் மருத்துவர் தாம்சனுக்கும் அவர் குடும்பத்துக்கும் இதே நோய்தான். எங்கள் அப்பாவும் டம்ளரைப் பிடித்தால் லேசில் விடமாட்டார். பழக்கம் என்று நினைத்திருந்தோம். தசை இறுக்கத்தைக் குறைக்கும் மெக்சிலெடின் மாத்திரை சாப்பிடுகிறேன், பரவாயில்லை.

மறுமொழி: எனக்கு நேர்மாறு, அண்ணா. செய்யச் செய்ய இறுகும். குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவிக் கண்ணை மூடினால் இமை திறக்காது. பாராமயோடோனியா, இதில் சோடியம் வழியில் கோளாறு.

மறுமொழி: என் தம்பிக்கு நடந்தாலும் இளகவில்லை. 16 வயதில் கை இறுகி, கையெழுத்து கோணி, பேச்சு குழறியது. ஆறு மாதம் மனநல மாத்திரை கொடுத்தார்கள், அதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை. கடைசியில் கண் மருத்துவர்தான் கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையத்தைப் பார்த்தார். வில்சன் நோய், செம்பு கல்லீரலிலும் மூளையிலும் தேங்குவது. செம்பை வெளியேற்றும் பெனிசிலமின் மருந்து தொடங்கியதும் முதலில் இன்னும் மோசமானான். அப்படி ஆகலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இப்போது சட்டைப் பொத்தானைத் தானே போடுகிறான். உடன்பிறந்தவர்களுக்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதால் என்னையும் சோதித்தார்கள். எனக்கு இல்லை.

மறுமொழி: தாம்சன்காரரே, அறுவை சிகிச்சை ஏதும் வந்தால் மயக்க மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மயக்கத்தின்போது தசையைத் தளர்த்தப் போடும் சக்சினைல்கோலின் மருந்தைப் போட்டால் தாடை பூட்டிக்கொள்ளலாம், மூச்சுக்குழாய் செருகத் திண்டாடுவார்கள்.

என் பதில்: நல்லவேளை சொன்னீர்கள். அப்பாவுக்கு அடுத்த வாரம் குடலிறக்க அறுவை. அந்த மருந்துப் பெயரைத் தாளில் எழுதி அவர் சட்டைப்பையில் வைத்துவிட்டேன்.