டாட்டாக்களை இன்னும் ஒரு குடும்பம் என்று சொல்லலாமா?

புறக்கோட்டையான்:
2024 ஒக்டோபரில் நோயல் டாட்டா டாட்டா அறக்கட்டளைகளின் தலைவரானபோது, டாட்டா குழுமத்தை நிறுவிய ஜம்ஷெட்ஜியின் இரத்தம் தொடர்கிறது என்று இங்கே சிலர் பூரித்து எழுதியிருந்தீர்கள். வம்சாவளி அவ்வாறு சொல்லவில்லை. 1839இல் நவ்சாரியில் பிறந்த ஜம்ஷெட்ஜியின் மகன்மார் தொராப்ஜி, ரத்தன்ஜி ஆகிய இருவருக்கும் பிள்ளைகள் இல்லை; 1932இல் தொராப்ஜி காலமானதோடு நேர் வாரிசு வழி அற்றுப்போயிற்று. நோயலின் தந்தை நவல், பார்சி அநாதை இல்லத்திலிருந்து ரத்தன்ஜியின் விதவை நவாஜ்பாய் சுவீகாரம் எடுத்த பிள்ளை. இதில் எங்கே இரத்தம்?

செட்டியார்தெரு முத்து:
ஐயா, சுவீகாரம் பரம்பரையில் சேராது என்றால் எங்கள் தெருவில் ஒருவரும் ஒப்பமாட்டார்கள். நகரத்தார் வீட்டில் பிள்ளை கூட்டிக்கொண்டால், அவன் அந்த வீட்டின் விலாசம் என்கிற வணிகப் பெயருக்கும் வரவுக்கும் கடனுக்கும் உரியவனே. நவலும் அந்நியர் அல்லர்: பெற்ற தந்தை ஹோர்முஸ்ஜியும் டாட்டா என்ற பெயரையே உடையவர், நவலின் தாய்வழிப் பாட்டியும் ஜம்ஷெட்ஜியின் மனைவி ஹீராபாயும் உடன்பிறந்தவர்கள். தொராப்ஜிக்குப் பின் குழுமத்தின் தலைமையேற்ற நவ்ரோஜி சக்லத்வாலா ஜம்ஷெட்ஜியின் சகோதரி வழி மருமகன். 1938 முதல் 1991 வரை தலைவராக இருந்த ஜே.ஆர்.டி., ஜம்ஷெட்ஜியின் உறவினரான ஆர்.டி. டாட்டாவுக்கும் ஒரு பிரெஞ்சுப் பெண்மணிக்கும் பிறந்தவர். 1924இல் டாட்டா உருக்காலை சம்பளம் கொடுக்கவும் வழியின்றித் தத்தளித்தபோது, தொராப்ஜி தம் சொந்தச் சொத்துகளையும், 245 கரட் ஜூபிலி வைரம் உட்பட மனைவி மெஹர்பாயின் நகைகளையும் இம்பீரியல் வங்கியில் ஈடுவைத்து ஒரு கோடி ரூபாய் கடன் பெற்றார். அடகுக்கடைகளுக்கு நடுவே வாழ்கிறவன் என்பதால் சொல்கிறேன், சம்பளத்துக்கு இருக்கும் முகாமையாளர் எவரும் வீட்டு நகையைக் கழற்றிக் கொடுக்கமாட்டார்.

வெள்ளவத்தை வாசுகி:
வைரத்தைப் பேசும்போது அபினையும் பேசவேண்டாமா, முத்து அண்ணா? ஹொங்கொங்கில் அபின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சட்டமூலத்தை எதிர்த்து 1887இல் மனுக் கொடுத்த வணிகர்களுள், நீங்கள் குறிப்பிட்ட அதே ஆர்.டி.யும் ஒருவர். புனேக்கு அருகே முல்ஷியில் டாட்டாக்களின் அணையால் நிலம் இழக்கவிருந்த விவசாயிகள் 1921இல் சேனாபதி பாபட்டின் தலைமையில் சத்தியாக்கிரகம் செய்தார்கள். இருந்தும் அணை எழுந்தது. டாட்டாக்களின் கொடையால் எழுந்த பெங்களூர் விஞ்ஞான நிறுவனத்தைப் பாரம்பரியக் கணக்கில் எழுதுகிறவர்கள், இவற்றையும் அதே கணக்கில்தான் எழுதவேண்டும். இந்தக் குடும்பத்தில் எனக்குப் பிடித்தவர் ஷாபூர்ஜி சக்லத்வாலா. ஜம்ஷெட்ஜியின் இன்னொரு சகோதரியின் மகன், பிரித்தானியப் பாராளுமன்றத்தில் கம்யூனிஸ்ட் உறுப்பினராக அமர்ந்தவர். அவர் படத்தை மட்டும் எவரும் மாட்டிவைப்பதில்லை!

புறக்கோட்டையான்:
வாசுகி சொல்வது நியாயம். என் வாதத்துக்கு அது தடையும் அல்ல. முத்து, நகையை ஈடுவைத்த அதே தொராப்ஜிதான் பின்னர் தம் செல்வத்தை ஓர் அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். இன்று குழுமத்தின் தாய் நிறுவனமான டாட்டா சன்ஸின் பங்குகளில் ஏறத்தாழ 66 வீதம் அறக்கட்டளைகளின் வசம் உள்ளது. 2017 முதல் டாட்டா சன்ஸின் தலைவர், நாமக்கல் மாவட்டத்து மோகனூரில் பிறந்த சந்திரசேகரன். எந்த வம்சாவளியிலும் அவர் பெயர் இல்லை.

செட்டியார்தெரு முத்து:
சந்திரசேகரனை நானும் மதிக்கிறேன். ஆயினும் அந்த 66 வீதத்தை ஆளும் நாற்காலி, நவலின் மூத்த மகன் ரத்தன் டாட்டாவின் மறைவால் வெறுமையானபோது, இரண்டே நாளில் அறங்காவலர்கள் அமர்த்தியது அதே தந்தைக்கு வேறு தாயிடம் பிறந்த தம்பி நோயலை. திறமை மட்டுமே அளவுகோல் என்றால், இத்தனை கோடிப் பேருள்ள நாட்டில் தேடுவதற்கு இரண்டு நாள் போதுமா, ஐயா?