பள்ளிக் குழுவுக்கான அருங்காட்சியகப் பயிலரங்கு: எல்லாவற்றையும் காண்பதா, சிலவற்றின் முன் நிற்பதா?

கேள்வி (வகுப்பாசிரியர்):

வணக்கம். ஏழாம் வகுப்பு மாணவர்களை நகர அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு இந்த ஆண்டு என்னிடம் வந்துள்ளது. அங்குள்ள கல்விப் பிரிவினர் இரண்டு வாய்ப்புகளைத் தருகிறார்கள். வழிகாட்டி ஒருவருடன் எல்லாக் காட்சிக்கூடங்களையும் சுற்றிவரலாம். அல்லது நான்கைந்து பொருள்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நடக்கும் பயிலரங்கில் சேரலாம். அவ்வளவு தொலைவு சென்றுவிட்டு நான்கு பொருள்களை மட்டும் பார்த்துத் திரும்புவது வீண் என்று சக ஆசிரியர்கள் கருதுகிறார்கள். எல்லாவற்றையும் பார்க்கும் பிள்ளைகளின் மனத்தில் மறுவாரம் என்ன எஞ்சும் என்பது என் கவலை. எதைத் தேர்ந்தெடுக்கலாம்? முன்கூட்டியே வகுப்பில் என்ன செய்ய வேண்டும்? வழக்கமான வினாத்தாளைக் கையில் கொடுத்து அனுப்பலாமா?

பதில் 1 (அருங்காட்சியகக் கல்விப் பிரிவில் பணிபுரிபவர்):

தயங்காமல் பயிலரங்கைத் தேர்ந்தெடுங்கள். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் 2011இல் திறக்கப்பட்ட கிரிஸ்டல் பிரிட்ஜஸ் கலை அருங்காட்சியகத்தில், பள்ளிக் குழுக்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, சென்றவர்களையும் செல்லாதவர்களையும் ஒப்பிட்டு ஆய்வு செய்தார்கள். 123 பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 11,000 மாணவர்கள் அதில் இடம்பெற்றனர். அங்கே ஒரு குழு ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஐந்து ஓவியங்களை மட்டுமே பார்த்து உரையாடுவது வழக்கம். மேப்பிள் மரச் சாற்றைக் காய்ச்சும் முகாமைச் சித்திரிக்கும் ஓவியம் ஒன்றைப் பார்த்த மாணவர்களில் 88 விழுக்காட்டினர், அடிமை உழைப்பில் விளைந்த கரும்புச் சர்க்கரைக்கு மாற்றாகவே அடிமைமுறை எதிர்ப்பாளர்கள் மேப்பிள் பாகைத் தயாரித்தார்கள் என்பதைப் பல நாள்கள் கழித்தும் நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு படத்தின் முன் நின்று பேச நேரம் கொடுத்ததற்குக் கிடைத்த பலன் இது.

நகர அருங்காட்சியகத்துக்கே உரிய செல்வம் ஒன்று உண்டு: பிள்ளைகள் தினமும் நடக்கும் தெருக்களின் பழைய வரைபடங்கள். பழைய வரைபடத்தையும் இன்றைய வரைபடத்தையும் அருகருகே விரித்து, பள்ளி இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அந்த இடத்தில் ஒரு நீர்நிலை வரையப்பட்டிருந்தால், அந்த நீர் எங்கே போயிற்று, யார் மூடினார்கள், மழை பெய்தால் இப்போது அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அவர்களே கேட்கத் தொடங்குவார்கள். அதன் பிறகு பழைய ஒளிப்படத்தையும் நகராட்சிப் பதிவேட்டின் நகலையும் எடுத்துவைத்தால், கேள்வி கேட்டவரே விடையைத் தேடுவார். இதற்கு நேரம் பிடிக்கும். சுற்றிவரும் அவசரத்தில் இது நடக்காது.

பதில் 2 (வரலாற்று ஆசிரியர்):

மேலே சொல்லப்பட்டதை ஏற்கிறேன். முன்தயாரிப்பைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பழக்கமில்லாத இடத்தில் நுழையும் பிள்ளைகள் முதலில் அந்த இடத்தைத்தான் கற்கிறார்கள், பாடத்தை அல்ல என்பதை கல்விச் சுற்றுலாக்களை ஆராய்ந்த ஜான் பால்க்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1978இலேயே எடுத்துக்காட்டினார்கள். ஆகவே கட்டடத்தின் படம், நுழைவாயில், கழிப்பறை, உணவு நேரம், பையை வைக்கும் இடம் ஆகியவற்றை முந்தைய நாளே வகுப்பில் காட்டிவிடுங்கள். துணிகளும் நீர்வண்ண ஓவியங்களும் உள்ள கூடங்களில் விளக்கொளியைச் சுமார் 50 லக்ஸ் (ஒளிச்செறிவின் அலகு) அளவுக்குக் குறைத்து வைப்பார்கள். ஒளிபட்டு நிறம் வெளிறிவிட்டால் மீட்க முடியாது என்பதே காரணம். இதை முன்பே அறிந்த பிள்ளை இருட்டாக இருக்கிறதே என்று சலித்துக்கொள்ளாமல், அந்த இருட்டுக்கு உரிய பொருள் எது என்று தேடும்.

வழக்கமான வினாத்தாளைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். கோடிட்ட இடத்தை நிரப்பும் அவசரத்தில் பிள்ளைகள் பொருளை விட்டுவிட்டு விளக்கப் பலகையை நகலெடுக்கிறார்கள். கலைப்படைப்புகளைப் பார்த்து உரையாடுவதற்காக அபிகேல் ஹவுசனும் பிலிப் யெனவைனும் உருவாக்கிய முறையில் மூன்றே கேள்விகள் உள்ளன: இங்கே என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன காண முடிகிறது? ஓவியத்துக்கும் ஒளிப்படத்துக்கும் இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் நகர வரலாற்றுக்கு இது மட்டும் போதாது. ஒரு தொழிற்கருவியின் தேய்மானத்தைக் கண்ணால் காணலாம். அதைக் கைக்கொண்டவர் யார், அந்தத் தொழில் ஏன் மறைந்தது என்பதை யாராவது சொல்லியாக வேண்டும். பிள்ளைகள் கேட்டபின் சொல்லும்படி வழிகாட்டியிடம் முன்கூட்டியே வேண்டிக்கொள்ளுங்கள்.

கேள்வியாளர்:

இருவருக்கும் மிக்க நன்றி. பயிலரங்கையே பதிவு செய்ய முடிவெடுத்துள்ளேன். என் வகுப்பில் பார்வைக் குறைபாடு உள்ள மாணவி ஒருவர் இருக்கிறார். பொருள்களைத் தொட அனுமதிப்பார்களா? திரும்பி வந்தபின் வகுப்பில் எதைச் செய்யச் சொல்லலாம்?

பதில் 1 (தொடர்ச்சி):

பதிவு செய்யும்போதே அந்த மாணவியைப் பற்றித் தெரிவித்துவிடுங்கள். தொட்டுப் பார்ப்பதற்கென்றே தனித் தொகுப்பையும் மாதிரிகளையும் பல அருங்காட்சியகங்கள் வைத்திருக்கின்றன. அவற்றை எடுத்துவைக்கக் கல்விப் பிரிவினருக்குச் சில நாள் அவகாசம் வேண்டும். அவருக்கு மட்டும் தனியாகக் கொடுக்காமல் குழு முழுவதும் தொடும்படி கேளுங்கள்; எடையும் குளிர்ச்சியும் சொரசொரப்பும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடமே. உலோகப் பொருள்களுக்கும் ஒளிப்படங்களுக்கும் கையுறை தருவார்கள். பழைய தாள்களைப் பொதுவாக, கழுவி உலர்த்திய வெறுங்கையால் தொடுவதே நல்லது என்பார்கள், ஏனெனில் கையுறை விரலின் உணர்வை மழுக்கித் தாள் கிழியக் காரணமாகும்.

திரும்பியபின் கட்டுரை எழுதச் சொல்ல வேண்டாம். ஒவ்வொருவரும் தாம் பார்த்த ஒரு பொருளுக்கு ஐம்பது சொற்களுக்குள் விளக்கப் பலகை எழுதட்டும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று அவர்கள் வாதிட்டு முடிவு செய்ய வேண்டியிருக்கும். விடை கிடைக்காமல் நின்ற கேள்விகளைத் தொகுத்து அருங்காட்சியகத்துக்கே அனுப்பிவையுங்கள். காப்பாளரிடம் அவற்றைச் சேர்ப்பிப்பதும் பதில் பெற்றுத் தருவதும் எங்களைப் போன்றோரின் பணிதான்.