இண்டஸ்ட்ரியல் சேஃப்டி டிகிரி: கொழும்பில எங்க படிக்கலாம்?

மட்டக்குளி மகள்

எல்லாருக்கும் வணக்கம். வயசு இருபது. ஏ.எல். டெக்னொலஜி பிரிவு, ரெண்டு சி, ஒரு எஸ். இசட் ஸ்கோர் கம்பஸுக்குக் காணாது.

ஏன் சேஃப்டி என்று வீட்டுக்கு வாற ஆட்கள் எல்லாரும் கேட்கிறாங்க. அப்பாவுக்கு ஒரு ஸ்டோர்ஸில வேலை செய்யும்போது வலது கையில ரெண்டு விரல் போனது. மெஷினை நிப்பாட்டாமலே பெல்ட்டைச் சரி பண்ணச் சொல்லியிருக்காங்க. அப்ப நான் ஆறாம் வகுப்பு. பிறகு 2021 மே மாசம் கொழும்புக் கடலில எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிஞ்சது. நைத்திரிக் அமிலக் கொள்கலன் ஒழுகுறது தீப்பிடிக்க முந்தியே தெரியுமாம். கட்டாரில ஹமாத், இந்தியாவில ஹசீரா, ரெண்டு துறைமுகமும் அதை இறக்க ஒத்துக்கல. தெரிஞ்சும் எப்படி விட்டாங்க என்றதுதான் இன்னும் மண்டைக்குள்ள ஓடுது.

ஒரு தனியார் நிறுவனம் வெளிநாட்டுப் பட்டம் தருதாம். மூன்று வருஷம், 16 லட்சம். அவங்க விளம்பரத்தில ஹெல்மெட் போட்ட பிள்ளைகள் சும்மா சிரிச்சிட்டு நிக்கிறாங்க. கொச்சின் யுனிவர்சிட்டியில சேஃப்டி அண்ட் ஃபயர் எஞ்சினியரிங் பி.டெக் இருக்கு என்று ஒரு ஃபிரெண்ட் சொன்னா. மாமா அதெல்லாம் வேணாம், நெபோஷ் என்ற சேஃப்டி கோர்ஸை முடிச்சிட்டு டுபாய் போ என்கிறார். அம்மா நகையை அடகு வைக்க ரெடி. எனக்கு அதுதான் பயம்.

பலஞ்சிக்காரன்

தங்கச்சி, நான் கொழும்பு மூன்றில ஒரு உயரக் கட்டடச் சைட்டில சேஃப்டி ஒபிசர். தொடங்கினது பலஞ்சி, அதுதான் ஏறி நிண்டு வேலை செய்யிற சாரம், கட்டிற வேலையில. பிறகு ஆறு வருசம் கட்டார். டிகிரி என்னட்ட இல்லை, அதையும் மனசில வச்சுக்கொண்டு வாசியுங்கோ.

முதல், பட்டத்தை ஆர் குடுக்கினம் எண்டு கேளுங்கோ. சொல்லித்தாறது ஒரு இடம், பட்டம் குடுக்கிறது இன்னொரு இடமா இருக்கும். அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தை எங்கட யூ.ஜி.சி. (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) ஏற்குதோ எண்டு நீங்களே போய் விசாரியுங்கோ. வரவேற்பறை மிஸ் "ஓம் ஓம்" எண்டால் அது கணக்கில்லை.

ரெண்டாவதுதான் முக்கியம். காசு கட்ட முதல் அவையின்ர லாப்புக்குப் போய், நாலு வாயு பாக்கிற மீற்றரை ஒருக்காக் காட்டச் சொல்லுங்கோ. ஒட்சிசன், எரிவாயு, காபன் மொனொக்சைட்டு, ஐதரசன் சல்பைட்டு, நாலையும் காட்டுற சின்னப் பெட்டி. டாங்கிக்குள்ள ஆள் இறங்கமுதல் ஒட்சிசன் 19.5 வீதத்துக்குக் குறையவும் கூடாது, 23.5 க்கு மேல போகவும் கூடாது. முதல்ல ஒட்சிசனைத்தான் பாக்கவேணும். அது குறைஞ்சிருந்தால் எரிவாயு வாசிப்பும் பிழையாக் காட்டும், ஒண்டுமில்லை எண்டு நம்பி இறங்கினவன் அப்பிடியே விழுவான். மீற்றரின்ர முதுகில கலிபிரேசன் ஸ்டிக்கர், அதாவது அளவு சரியாக் காட்டுதோ எண்டு சோதிச்ச ஸ்டிக்கர், இருக்கும், திகதியைப் பாருங்கோ. ஒரு கொலிஜைப் பற்றி அந்த ஸ்டிக்கர் சொல்லுற அளவுக்கு விளம்பரம் சொல்லாது.

அப்பாவுக்கு நடந்ததுக்குப் பேர் லொக்கவுட் இல்லாதது. மெயின் சுவிச்சை நிப்பாட்டி, பூட்டுப் போட்டு, திறப்பை வேலை செய்யிறவன் தன்ர பொக்கற்றில வச்சிருக்க வேணும். பூட்டும் அட்டையும் வச்சுப் பழக்கிற இடமோ எண்டும் கேளுங்கோ.

கொச்சின் நல்ல இடம். களமசேரிப் பக்கம் சுத்திவரத் தொழிற்சாலைகள். ஆனா பௌதிகம், இரசாயனம், கணிதம் மூண்டும் கேப்பினம். டெக்னொலஜி பிரிவு எண்டால் அங்க இடிக்கும். நெபோஷ் டிகிரி இல்லை, ஒரு சேர்ட்டிபிகட். வளைகுடா வேலைக்குக் கேக்கினம், உண்மை. ஆனா சைட்டே பாக்காமல் அதை எடுத்துக்கொண்டு வந்த பெடியளை நான் கண்டிருக்கிறன், உயரத்தில விழாமல் உடம்பில கட்டுற ஹார்னஸின்ர கொக்கியை எங்க மாட்டுறது எண்டு தெரியாது.

மட்டக்குளி ஆள் எண்டால் சிங்களம் நல்லாக் கதைப்பீங்கள். எழுதவும் வருமோ? காலமை வேலை தொடங்கமுதல் குடுக்கிற சேஃப்டி விளக்கம், டூல்பொக்ஸ் டோக், ரெண்டு மொழியிலயும் சொல்லவேணும், விபத்து அறிக்கை எழுதவேணும்.

பியகம அக்கா

அண்ணா சொன்ன மீற்றர் கதை முழுக்கச் சரி. ஒன்றில் மட்டும் நான் உடன்படமாட்டேன். பட்டம் இல்லாமல் அவர் ஏறின மாதிரி ஒரு பொம்பிளைப் பிள்ளைக்கு ஏற விடமாட்டார்கள். ஆடைத் தொழிற்சாலையில் பதினொரு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். ஐ.எஸ்.ஓ. 45001 என்ற தொழில் பாதுகாப்புத் தரத்துக்கான தணிக்கை வந்தால் கோப்பு அடுக்க என்னைக் கூப்பிடுவார்கள், பொயிலர் அறைக்கு ஆம்பிளைப் பையனை அனுப்புவார்கள். சண்டை பிடித்துத்தான் உள்ளே போனேன். (இப்போது பொயிலர்காரர் எனக்குத்தான் முதலில் தேநீர் ஊற்றுவார்.)

தங்கச்சி, 16 லட்சத்துக்கு முதல் ரத்மலானையில் இருக்கிற தொழில்சார் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், யூனிவொடெக், அதைப் பார். என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமை வழியாகப் படிப்படியாக ஏறலாம், ஏழாம் மட்டம் என்றால் பட்டம். பாதுகாப்பு என்ற பெயரிலேயே பட்டம் வேண்டும் என்று நிற்காதே. இயந்திரம், மின்சாரம் ஏதாவது ஒன்றை அடிப்படையாக எடு. பெல்ட் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால்தான் அதற்கு எங்கே மறைப்புப் போடுவது என்று தெரியும். சேஃப்டிக்குத் தொழில் அமைச்சின் கீழ் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார தேசிய நிறுவனம் இருக்கிறது, 2009 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அங்கே பாடநெறி செய்யலாம். 1942 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தையும் எடுத்து வாசி. பழசுதான், ஆனால் பரிசோதகர் வந்தால் அதைத்தான் கேட்பார்.

மட்டக்குளி மகள்

அண்ணா, அக்கா, ரெண்டு பேருக்கும் நன்றி. செவ்வாய்க்கிழமை அப்பாவோட அந்தத் தனியார் இடத்துக்குப் போனேன். மீற்றரைக் கேட்டதும் மிஸ் முழிச்சாங்க, பிறகு அங்க படிப்பிக்கிற சேர் ஒருத்தர் அதைத் தேடி எடுத்திட்டு வந்தார். பெட்டி புதுசா இருந்தது. ஸ்டிக்கரில 2019. ஒன் பண்ணினா லைட்டே வரல. "இது காட்டுறதுக்குத்தான், பிராக்டிகல் கடைசி வருஷம்" என்று சொன்னார். லொக்கவுட் பூட்டு அங்க இல்லை, படம் இருக்கு.

அப்பா அங்க ஒன்றும் பேசல. பஸ்ஸில ஏறினபிறகுதான் கேட்டார், அந்தப் பூட்டு என்ன விலை வரும் என்று.

அக்கா, வாற கிழமை ரத்மலானைக்குப் போறோம். மெக்கானிக்கலா, இலெக்ட்ரிக்கலா? எனக்கு வெல்டிங் கொஞ்சம் பயம், கரண்ட் பயமில்லை.