சேலஞ்சருக்கு எக்ஸாஸ்ட் மாத்தணும், எது வாங்கலாம்? (அவசரம்)

கார்த்தி_கேட்டி
வணக்கம் நண்பர்களே. டாட்ஜ் சேலஞ்சர் கார் வாங்கி ஒரு மாதம் ஆகிறது. ஊருக்குள் ஓட்டும்போது அருமையான உறுமல், அதில் குறையே இல்லை. ஆனால் ஃப்ரீவேயில் 65, 70 மைலில் போனால் காதை அடைக்கிற மாதிரி ம்ம்ம் என்று ஒரே முழக்கம். மேம்பாலம் ஏறும்போது நிற்கிறது, இறங்கி சமதளத்துக்கு வந்தால் மறுபடியும் ஆரம்பித்துவிடுகிறது. சனிக்கிழமை குடும்பத்தோடு டல்லாஸ் போகணும், பின் சீட்டில் இரண்டு குழந்தைகள். அதற்குள் மாற்றியாக வேண்டும். எந்த பிராண்டு எக்ஸாஸ்ட், போர்லாவா, மேக்னாஃப்ளோவா, கோர்சாவா? சீக்கிரம் சொல்லுங்கள்.

ஹெமி_பாலா
எந்த வருடம்? இன்ஜின் வி6-ஆ, 5.7 லிட்டர் வி8-ஆ, பெரிய 392-ஆ? ஆட்டோவா, மேனுவலா? இப்போது காரில் இருப்பது கம்பெனி எக்ஸாஸ்டா, யாராவது கை வைத்ததா? பட்ஜெட் எவ்வளவு? இதெல்லாம் தெரியாமல் பிராண்டு சொன்னால் அது ஜோசியம்தான்.

சுரேஷ்_சான்ஹோசே
எக்ஸ் பைப் (இரண்டு எக்ஸாஸ்ட் குழாயையும் நடுவில் சேர்க்கும் எக்ஸ் வடிவக் குழாய்) போடுங்கள் ப்ரோ. என் மஸ்டாங் ஜிடியில் இதே தொல்லை இருந்தது, எக்ஸ் பைப் போட்டதும் போய்விட்டது. இரண்டு பக்கத்துப் புகையும் ஒரே இடத்தில் கலப்பதால் சத்தம் சமமாகும். எச் பைப் போட்டால் பழைய காலத்து குடுகுடு கிடைக்கும், எக்ஸ் பைப்பில் சத்தம் கொஞ்சம் கீச்சென்று மேலே போகும். அது உங்கள் ருசி. இன்னொன்று, கலிஃபோர்னியாவில் 95 டெசிபல் தாண்டினால் அபராதம், உங்கள் ஊரிலும் என்ன விதி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்காபரோ_தம்பி
அண்ணை, எதை வாங்கினாலும் 304 ஸ்டெயின்லெஸ் தானா எண்டு கேட்டு வாங்குங்கோ. 409 எண்டால் இங்க ரொறன்ரோவில ரோட்டில கொட்டுற உப்புக்கு இரண்டு பனிக்காலத்திலேயே பழுப்பு நிறமாகிவிடும். கடைக்கு ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோங்கோ. 409 இல பச்சக் எண்டு ஒட்டும், 304 இல அநேகமா ஒட்டாது. நான் முதல் தரம் இது தெரியாமல் ஏமாந்தனான்.

பழைய_கை
காருக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்க்காமல் கேள்வி போடுவதே வழக்கமாகிவிட்டது. இந்தக் கேள்விக்கு இங்கே நான் பத்து முறையாவது பதில் எழுதியிருப்பேன், தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. தம்பி, பிராண்டு முக்கியமில்லை. இன்ஜினுக்குப் பேக் பிரஷர், அதாவது புகை வெளியே போவதைத் தடுக்கும் எதிர் அழுத்தம், வேண்டும். அகலமான பைப்பை மாட்டிப் புகையை ஃப்ரீயாக விட்டால் கீழ் ஆர்பிஎம்மில் டார்க் (இழுவை) போய்விடும், நாளடைவில் வால்வும் எரியும். 3 இன்ச் பக்கமே போகாதே.

மணி_ஆஸ்டின்
புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையே தூக்கிவிட்டால் சத்தமே வேறு மாதிரி இருக்கும் நண்பரே.

ஹெமி_பாலா
மணி, அவர் குறைக்கணும் என்கிறார், நீங்கள் கூட்டச் சொல்கிறீர்கள். கன்வெர்ட்டரை எடுப்பது நாடு முழுவதும் சட்டவிரோதம். டெக்சாஸில் 2025-லிருந்து பாதுகாப்பு இன்ஸ்பெக்‌ஷனைத்தான் எடுத்தார்கள், ஹாரிஸ் மாதிரி சில கவுண்டிகளில் புகைச் சோதனை அப்படியே இருக்கிறது.

வி8_விஜி
பழைய_கை சார், இன்ஜினுக்கு வேண்டியது அழுத்தம் இல்லை, வேகம். ஒரு சிலிண்டரிலிருந்து வேகமாக வெளியே போகும் புகை, அடுத்த சிலிண்டரில் மிச்சம் இருப்பதையும் உறிஞ்சி இழுத்துக்கொண்டு போகும். பைப் தேவைக்கு மேல் அகலமானால் இந்த வேகம் குறைகிறது, அதனால்தான் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை போகிறது. பேக் பிரஷர் குறைந்ததால் இல்லை.

பழைய_கை
முப்பது வருடமாகக் காருக்கு அடியில் படுத்திருக்கிறேன் அம்மா. எக்ஸாஸ்டைத் திறந்துவிட்ட வண்டிகளில் வால்வு எரிந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வி8_விஜி
பார்த்திருப்பீர்கள் சார், நம்புகிறேன். அவை கார்புரேட்டர் வண்டிகளாக இருந்திருக்கும். எக்ஸாஸ்டைத் திறந்தால் காற்று அதிகம் போகும், பெட்ரோல் விடும் ஜெட்டை மாற்றாவிட்டால் கலவையில் பெட்ரோல் குறைந்து சூடேறும். வால்வை எரித்தது அந்தச் சூடு. இப்போதைய வண்டியில் ஆக்ஸிஜன் சென்சார் பார்த்துப் பெட்ரோலைச் சரிசெய்துவிடுகிறது.

சுரேஷ்_சான்ஹோசே
விஜி சொல்வது சரி. ஆனால் எக்ஸ் பைப் போட்டால்...

பழைய_கை
புத்தகத்தில் படிப்பது வேறு, கையில் கிரீஸ் படுவது வேறு. இதற்கு மேல் நான் பேசவில்லை.

கார்த்தி_கேட்டி
மன்னிக்கணும், ஆபீஸில் மாட்டிக்கொண்டேன். 2016 ஆர்/டி, 5.7, ஆட்டோமேடிக். செகண்ட் ஹேண்ட். பட்ஜெட் 1,500 டாலர் வரை. இன்று கடையில் தூக்கிப் பார்த்தோம். முந்தைய ஓனர் சத்தத்தை அடக்கும் நடு மஃப்ளர் இரண்டையும் வெட்டி எடுத்துவிட்டு, நேர்க் குழாயை வெல்டு பண்ணியிருக்கிறார். வெல்டு மேலேயே சில்வர் பெயின்ட் அடித்திருக்கிறார், அதனால் வாங்கும்போது எனக்குத் தெரியவில்லை. கடைக்காரர் முழு கேட்-பேக் (கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள எக்ஸாஸ்ட் முழுவதும்) போடச் சொல்கிறார். போட்டுவிடவா?

வி8_விஜி
கார்த்தி, பணத்தைக் கொடுக்காதீர்கள், ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. மேம்பாலம் ஏறும்போது நிற்கிறது என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறீர்கள், நாங்கள் யாருமே அதைக் கவனிக்கவில்லை.

ஆட்டோமேடிக் 5.7 ஹெமியில் எம்டிஎஸ் உண்டு. சமதளத்தில் லேசாகக் காலை வைத்து ஓட்டினால் எட்டில் நான்கு சிலிண்டரை (1, 4, 6, 7) அணைத்துவிடும். ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் எட்டும் உயிர்பெறும். 70 மைலில் உங்கள் ஆர்பிஎம் 1,500 என்று வையுங்கள். எட்டு சிலிண்டர் ஓடும்போது நொடிக்கு 100 வெடிப்பு, அதாவது 100 ஹெர்ட்ஸ். நான்கு ஓடும்போது 50. அந்த 50 ஹெர்ட்ஸ்தான் காதில் குத்தாமல் நெஞ்சில் உட்கார்ந்து தலைவலி கொடுக்கும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், முழக்கத்தை அடக்க பக்கவாட்டில் ஒரு முனை அடைத்த குழாயை வெல்டு பண்ணுவார்கள், ஜே பைப் என்பார்கள். காலி பாட்டில் வாயில் ஊதினால் ஒரே ஒரு சுருதி வருமே, அது மாதிரி ஒரு சுருதியை மட்டும் அது விழுங்கும். 100 ஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் போதும். 50-க்கு இரண்டு மீட்டர் வேண்டும், காருக்கு அடியில் அதற்கு இடம் தேடுவது கஷ்டம். எட்டு சிலிண்டரை மட்டும் மனதில் வைத்துச் செய்த எக்ஸாஸ்டை நீங்கள் 1,500 டாலருக்கு வாங்கினாலும் முழக்கம் அப்படியே இருக்கலாம். எக்ஸ் பைப்பும் இங்கே உதவாது சுரேஷ், உங்கள் மஸ்டாங்கில் எம்டிஎஸ் கிடையாது.

இன்று இரவே ஃப்ரீவேயில் போய் முழக்கம் வந்ததும் ஆர்பிஎம்மையும் கியரையும் பாருங்கள். அப்புறம் மேனுவல் மோடில் போட்டு அதே கியரைப் பிடியுங்கள், எம்டிஎஸ் விலகிவிடும். அதே ஆர்பிஎம்மில் முழக்கம் நின்றால் காரணம் இதுதான்.

ஹெமி_பாலா
அருமை. எம்டிஎஸ் எனக்கும் தோன்றியிருக்கணும், என்னுடையது மேனுவல் என்பதால் அந்தத் தொல்லையே தெரியாது. டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் ஓபிடி போர்ட்டில் செருகி எம்டிஎஸ்ஸை நிறுத்தும் கருவியும் கிடைக்கிறது, ஆனால் ஹைவேயில் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். கம்பெனி அந்த நடு மஃப்ளரை வைத்ததே இரண்டு நிலைக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான். முதலில் அதைத் திரும்ப மாட்டலாம்.

ஸ்காபரோ_தம்பி
ஓம், அது நல்ல யோசனை. எங்கட ஆக்கள் நல்ல மஃப்ளரைக் கழட்டிப்போட்டு வேற போடுவினம், அதுகளை விக்கவும் போடுவினம். கனக்கச் செலவு வராது. வாங்கேக்க ஒருக்கா ஆட்டிப் பாருங்கோ, உள்ளுக்குள்ள கிலுகிலு எண்டால் தகடு விட்டுட்டுது, வேண்டாம்.

பழைய_கை
கம்பெனி மஃப்ளரைத் திரும்பப் போடு என்பதைத்தான் நானும் வேறு வார்த்தையில் சொன்னேன். வெல்டு பண்ணும்போது பேட்டரி நெகட்டிவைக் கழற்றச் சொல் தம்பி. பல கடைகளில் இதைச் செய்வதில்லை.

வி8_விஜி
சார் சொன்ன பேட்டரி விஷயத்தைக் கட்டாயம் செய்யுங்கள் கார்த்தி.

கார்த்தி_கேட்டி
1,500 ஆர்பிஎம், எட்டாவது கியர். மேனுவலில் அதே எட்டைப் பிடித்ததும் சத்தம் சட்டென்று நின்றது, டி-யில் விட்டதும் வந்தது. நான்கு முறை செய்து பார்த்தோம், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி கண்ணை மூடிக்கொண்டே எது எது என்று சரியாகச் சொன்னாள். பழைய கம்பெனி மஃப்ளர் ஜோடி ஒன்று ஷுகர்லேண்டில் 180 டாலருக்குக் கிடைத்தது, ஆட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன். வெள்ளிக்கிழமை மாலை வெல்டிங். எல்லோருக்கும் நன்றி, விஜி அக்காவுக்கு ரொம்ப நன்றி.

சுரேஷ்_சான்ஹோசே
டல்லாஸ் போய்வந்து எப்படி இருந்தது என்று எழுதுங்கள். பின்பக்க மஃப்ளர் கம்பெனியுடையதா, அதுவும் மாற்றியதா என்று சொல்லவே இல்லையே?

ஹெமி_பாலா
கார்த்தி?

கார்த்தி_கேட்டி
டல்லாஸ் போய்வந்தோம். ஹன்ட்ஸ்வில் தாண்டுவதற்குள் இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள்.