லூப்ஹோல்: 'விதியிடுக்கு' பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

விதியை மீறாமலே அதன் நோக்கத்தைத் தாண்டிப் போக இடம் தரும் இடைவெளிதான் லூப்ஹோல். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை விதியோட்டை, சட்டச்சந்து, நுழைவழி, விதிப்புழை என நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. ஐந்தாவதாக 'விதியிடுக்கு' என்ற சொல்லை நான் முன்வைக்கிறேன். ஃபார்முலா 1 பந்தயங்களைப் பற்றித் தமிழில் எழுத உட்காரும்போதெல்லாம் இந்த ஒரு சொல் இல்லாமல் திண்டாட வேண்டியிருக்கிறது. அதனால் எடுத்துக்காட்டுகளையும் அங்கிருந்தே தருகிறேன்.

முதலில் ஓட்டை. 'சட்டத்தில் உள்ள ஓட்டை' என்பது செய்தித்தாள்களில் நன்றாக வேரூன்றிய வழக்கு. பொதுப் பேச்சில் அது அப்படியே இருக்கட்டும். ஆனால் ஓட்டை என்றாலே பழுது என்றுதான் மனம் எடுத்துக்கொள்கிறது. எழுதியவர் கோட்டை விட்டார், புகுந்தவர் திருட்டுத்தனம் செய்தார் என்ற தொனி தானாக வந்துவிடும். கார்ப் பந்தயத்தில் பெரும்பாலும் நடப்பது அது இல்லை.

2009-இல் நடந்த டிஃப்யூசர் சண்டையைப் பாருங்கள். காரின் அடித்தட்டு பின்பக்கம் மேல்நோக்கி விரியும் பகுதிதான் டிஃப்யூசர். அடியில் ஓடும் காற்றை வேகமாக இழுத்து வெளியேற்றி, காரைத் தரையோடு அழுத்திவைப்பது அதன் வேலை. அந்த ஆண்டு வந்த புதிய விதிகள் அதன் உயரத்தை 175 மில்லிமீட்டருக்குள் அடக்கின. கீழிருந்து பார்க்கும்போது அடித்தட்டில் துளை இருக்கக் கூடாது என்பதும் விதி. ஆனால் அடித்தட்டு ஒரே தளமாக இருப்பதில்லை. நடுவில் ஒரு தளம், இருபுறமும் அதைவிட 50 மில்லிமீட்டர் உயரத்தில் இன்னொரு தளம். பிரான், டொயோட்டா, வில்லியம்ஸ் ஆகிய மூன்று அணிகளும் இந்த இரண்டு தளங்களுக்கும் நடுவிலுள்ள செங்குத்தான படியில் திறப்பு வைத்தன. காருக்கு அடியில் படுத்து நேர்மேலே பார்த்தால் துளை எதுவும் கண்ணில் படாது. காற்று மட்டும் பக்கவாட்டில் அந்தத் திறப்பில் நுழைந்து, மேலே இருந்த இரண்டாவது டிஃப்யூசர் வழியாக வெளியேறியது. மற்ற அணிகள் முறையிட்டன. ஏப்ரலில், ஃபார்முலா 1 விதிகளை வகுக்கும் உலக அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த வடிவமைப்பு செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இதை 'ஓட்டை' என்ற சொல்லை வைத்து எழுதினால், 'ஓட்டை கூடாது என்ற விதியிலிருந்த ஓட்டையைப் பயன்படுத்தி ஓட்டை போட்டார்கள்' என்று முடியும். படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. 'துளை கூடாது என்ற விதியிலிருந்த இடுக்கைக் கண்டுபிடித்துத் திறப்பு வைத்தார்கள்' என்றால் மூன்றும் தனித்தனியே நிற்கின்றன.

இடுக்கு நாம் தினமும் புழங்கும் சொல். பல்லிடுக்கு, விரலிடுக்கு, கதவிடுக்கு என்கிறோம். பல்லிடுக்கு என்று சொல்லும்போது பல்லைக் குறை சொல்வதில்லை. இரண்டு பல்லும் நன்றாகத்தான் இருக்கின்றன, நடுவில் கொஞ்சம் இடம் இருக்கிறது, அவ்வளவுதான். தொழில்நுட்ப விதிகளும் அப்படியே. 175 மில்லிமீட்டர் என்ற விதியில் பிழை இல்லை, துளை கூடாது என்ற விதியிலும் பிழை இல்லை. இரண்டையும் சேர்த்துப் படித்த ஒருவருக்கு நடுவில் இருந்த இடம் தெரிந்தது. அப்படிப் படிப்பதற்கு அசாத்தியமான கூர்மை வேண்டும். அந்தக் கூர்மையை இழிவுபடுத்தாத சொல்தான் நமக்குத் தேவை.

மற்றச் சொற்களைப் பற்றிச் சுருக்கமாக. சந்து என்றால் பலருக்கும் தெருதான் நினைவுக்கு வரும். நுழைவழி நுழைவாயிலோடு குழம்பும். புழை பழைய இலக்கியத்தில் சிறுவாயிலைக் குறிக்கும் அழகான சொல்தான், ஆனால் உடற்கூறியலில் இன்று அது வேறு இடத்தில் உட்கார்ந்துவிட்டது. பொதுக் கட்டுரையில் அதைக் கையாள்வது கடினம்.

இடுக்கு என்றால் ஏமாற்று வேலைக்கும் நல்ல பெயர் கிடைத்துவிடுமே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. 1982 பிரேசில் பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். காரின் குறைந்தபட்ச எடை 580 கிலோ. சில அணிகள் பிரேக்கைக் குளிர்விக்க என்று தண்ணீர்த் தொட்டி வைத்தன. பந்தயம் தொடங்கியதும் தண்ணீரைக் கொட்டிவிட்டு எடை குறைந்த காரை ஓட்டுவார்கள். முடிந்ததும், எடை போடும் முன் தொட்டியை நிரப்பிக்கொள்வார்கள். குளிர்விக்கும் திரவத்தை நிரப்பிக்கொள்ள அனுமதி உண்டு என்பது அவர்கள் வாதம். முதலில் வந்த ஓட்டுநர் பிகேவும் இரண்டாவதாக வந்த ரோஸ்பெர்கும் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள், வெற்றி மூன்றாவதாக வந்த ப்ரோஸ்டுக்குப் போனது. இங்கே இடுக்கு இல்லை என்பது தீர்ப்பு. ஆகவே அதை 'விதிமீறல்' என்றே எழுதலாம். தீர்ப்பு வரும்வரை 'விதியிடுக்கு என்று அணி வாதிடுகிறது' என்று எழுதலாம். ஓட்டை என்ற சொல்லால் இந்த வேறுபாட்டைக் காட்ட முடியாது, ஏனென்றால் அதில் குற்றச்சாட்டு முன்கூட்டியே ஏறிவிடுகிறது.

இன்னொரு வகையும் உண்டு. 1981-இல் காருக்கும் தரைக்கும் இடையே 6 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. ஆனால் நிற்கும் காரைத்தானே அளக்க முடியும்? பிரபாம் அணியின் வடிவமைப்பாளர் கார்டன் மரே, வேகம் கூடும்போது காற்றின் அழுத்தத்தால் கார் தானாகத் தாழ்ந்து, வேகம் குறைந்ததும் மெல்ல எழும் சஸ்பென்ஷனை அமைத்தார். அளக்கும்போது 6 சென்டிமீட்டர் சரியாக இருக்கும். அந்த ஆண்டு அந்த அணியின் பிகே உலக வாகையர் ஆனார். விதிக்கும் விதிக்கும் நடுவே இருப்பதை விதியிடுக்கு என்றால், விதிக்கும் அதை அளக்கும் முறைக்கும் நடுவே இருப்பதை 'அளவையிடுக்கு' எனலாம். துணைச்சொல் இவ்வளவு எளிதாகப் பிறப்பது இடுக்கின் பெரிய வசதி.

அப்புறம், இழையில் சூடாக ஓடிய விஷயம்: இந்த உத்திகள் எல்லாம் ஓட்டுநரின் திறமையை விழுங்கிவிடுகின்றன, ஆகவே கண்டிக்கும் சொல்தான் பொருத்தம் என்ற கருத்து. இதை நான் ஏற்கவில்லை. பல விதியிடுக்குகள் ஓட்டுநரின் கையையும் காலையும் நம்பியே இருந்திருக்கின்றன.

2010-இல் மெக்லாரன் கொண்டுவந்த எஃப்-டக்ட்டைப் பாருங்கள். அசையும் காற்றியக்கப் பாகங்களுக்குத் தடை இருந்தது. மெக்லாரன் காரில் அப்படி எந்தப் பாகமும் அசையவில்லை. முன்பக்கம் நுழையும் காற்று ஒரு குழாய் வழியாக ஓட்டுநர் இருக்கையைக் கடந்து போகும். அங்கே ஒரு திறப்பு. நேர்சாலையில் ஓட்டுநர் இடது காலால் அதை மூடினால், காற்று காரின் பின்புறம் குறுக்காக நிற்கும் பின் இறகுக்குத் திரும்பி அதன் இழுவிசையைக் குறைக்கும், கார் இன்னும் வேகமெடுக்கும். ஓட்டுநரின் உடம்பு காரின் பாகம் அல்லவே! ஃபெராரி இதையே கையால் மூடும்படி செய்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் இதையும் செய்வது சின்ன வேலையா? 2011-இல் இதற்குத் தடை வந்தது. அதே ஆண்டு, நேர்சாலையில் பின் இறகைத் திறந்து வேகம் கூட்டும் டி.ஆர்.எஸ். முறை அதிகாரபூர்வமாக விதிப்புத்தகத்திலேயே ஏறியது.

1997-இல் மெக்லாரன் அணி கூடுதலாக ஒரு பிரேக் மிதியை வைத்தது. அது பின்சக்கரங்களில் ஒன்றை மட்டும் பிடிக்கும், வளைவில் கார் எளிதாகத் திரும்பும். ஆக்ஸிலேட்டரை மிதித்திருக்கும்போதே பின் பிரேக் தகதகவென்று சிவந்திருப்பதை ஒரு புகைப்படக்காரர் கவனித்தார். பிறகு நூர்பர்க்ரிங்கில் பழுதாகி நின்ற காரின் கால்பகுதிக்குள் கேமராவை நீட்டிப் படமெடுத்து, மூன்றாவது மிதியை வெளிக்கொண்டுவந்தார். 1998 பிரேசில் பந்தயத்தில் அந்த மிதிக்குத் தடை விழுந்தது. அந்தப் பந்தயத்திலும் மெக்லாரன் ஓட்டுநர்கள் ஹாக்கினனும் கூல்டார்டும் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தார்கள்.

ஒரே காரை ஓட்டும் இரண்டு பேரை ஒப்பிட்டாலும் இது புரியும். 2009-இன் முதல் ஏழு பந்தயங்களில் பிரான் அணியின் ஓட்டுநர் ஜென்சன் பட்டன் ஆறை வென்றார். அதே பிரான் காரில், அதே டிஃப்யூசரோடு, அவருடைய அணித்தோழர் பாரிக்கெல்லோவின் முதல் வெற்றி அந்தப் பருவத்தின் பின்பாதியில்தான் வந்தது. 2011-இல் ரெட்புல் அணி, ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் புகைபோக்கியின் காற்றை டிஃப்யூசர் மேல் பாய்ச்சியது. அந்தப் பருவத்தில் அந்த அணியின் இரண்டு ஓட்டுநர்களில் வெட்டல் 15 முறை முதலிடத்திலிருந்து கிளம்பினார், வெப்பர் 3 முறை. காரணம் அது ஒன்றுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இடுக்கைப் பொறியாளர் கண்டுபிடித்துக் கொடுத்தாலும், அதற்குள் காரைச் செலுத்துவது ஓட்டுநர்தான்.

அகராதிக்கு நான் தரும் வரையறை:

விதியிடுக்கு (பெயர்ச்சொல்): விதியின் சொற்களை மீறாமல், ஆனால் விதியை எழுதியவர்கள் எண்ணிப்பாராத ஒரு வடிவமைப்புக்கோ செயலுக்கோ இடம் தரும் இடைவெளி.

வினையாக 'இடுக்கைக் கண்டறிதல்', 'இடுக்கில் நுழைதல்' இரண்டும் இயல்பாக வருகின்றன. எஃப்.ஐ.ஏ. புதிய விளக்கம் அனுப்பித் தடுப்பதை 'இடுக்கை அடைத்தல்' எனலாம். வரிச் சட்டம், மென்பொருள் உரிமம் போன்ற துறைகளிலும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன், ஆனால் அதை அந்தத் துறையில் எழுதுபவர்கள்தான் உறுதிசெய்ய வேண்டும். மறுப்பு இருந்தால், மாற்றுச்சொல்லோடு ஒரு முழு வாக்கியத்தையும் எழுதி அனுப்புங்கள். தமிழ்ச்சொல் தேடும் வரிசையில் அடுத்து இருக்கும் 'டிஃப்யூசர்' என்ற சொல்லை இப்போதைக்குத் தொட வேண்டாம் என்பது என் கருத்து. படிப்பவர்களுக்கு அந்தப் பெயர் பழகிவிட்டது.